கடலடி நெருப்பு – 7: இரண்டாவது அடி

1939 நவம்பர் 21. காலை 11 மணியாகச் சில நிமிடங்கள் இருந்தன. ஸ்காட்லாந்தின் ரோசித் துறையிலிருந்து பீரங்கிப் பயிற்சிக்காக ஃபோர்த் கழிமுகத்தில் போய்க்கொண்டிருந்தது பிரிட்டிஷ் போர்க்கப்பலான 'பெல்ஃபாஸ்ட்'. கடற்படையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத புத்தம்புதுக் கப்பல். திடீரென்று அடியிலிருந்து யாரோ உதைத்தாற்போல் கப்பல் முழுவதும் துள்ளி விழுந்தது. யு-21 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி போட்டுவிட்டுப் போயிருந்த காந்தக் கண்ணிவெடி அது.

சேதத்தைப் பார்வையிட்ட பொறியாளர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. கப்பலின் உடலில் விழுந்திருந்த ஓட்டை சிறியது. ஆனால் கப்பலின் முதுகெலும்பான ஏரா 3 அங்குலம் மேல்நோக்கி வளைந்துபோயிருந்தது. தளங்கள் நெளிந்திருந்தன, இயந்திரங்கள் உடைந்திருந்தன. கண்ணிவெடி கப்பலைத் தொடவே இல்லை. இருந்தும் 'பெல்ஃபாஸ்ட்' மறுபடி கடலுக்குத் திரும்ப 1942 நவம்பர் வரை மூன்று ஆண்டுகள் பிடித்தன.

அதே வாரத்தில் ஷூபரினஸ் சேற்றில் அகப்பட்ட காந்தக் கண்ணிவெடியை ஓவ்ரி என்ற அதிகாரி பிரித்துப் பார்த்த கதையைச் சென்ற இதழில் கண்டோம். அது எப்படி விழித்துக்கொள்கிறது என்பது அன்றோடு தெரிந்துவிட்டது. விழித்த பிறகு தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அவ்வளவு சுலபமாக விடை கிடைக்கவில்லை. அந்த விடையைத் தேடியவர்கள் முதலில் பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கணினியின் முன் உட்கார்ந்தார்கள்.

நீருக்கடியில் குண்டு வெடித்தால் இரண்டு சம்பவங்கள் நடக்கின்றன. முதலாவது அதிர்ச்சி அலை. மில்லி விநாடிக் கணக்கில் வந்து அறைந்துவிட்டுப் போய்விடும். குண்டின் சக்தியில் ஏறக்குறையப் பாதியை அது கொண்டுபோகிறது. மீதிச் சக்தி எரிந்த வெடிமருந்தின் வாயுவிடம் தங்கிவிடுகிறது. அந்த வாயு சூடான, அழுத்தம் மிகுந்த ஒரு குமிழியாகி, சுற்றியுள்ள கடலை நாலாபக்கமும் தள்ளிக்கொண்டு வீங்குகிறது.

30 மீட்டர் ஆழத்தில் 300 கிலோ டி.என்.டி. வெடிப்பதாக வைத்துக்கொள்வோம். குமிழியின் ஆரம் ஆறரை மீட்டர் வரை போகும். அதற்குள் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம், வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிட்டிருக்கும். ஆனாலும் ஓடத் தொடங்கிய தண்ணீர் உடனே நிற்பதில்லை. தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் விலகுகிறது. பிறகுதான் கடல் திரும்பி நெருக்குகிறது. குமிழி சுருங்குகிறது, மேலும் சுருங்குகிறது, வாயு இனி நசுங்க முடியாது என்ற கட்டத்தில் திடுமென எகிறி மறுபடி வீங்குகிறது. வெடித்ததிலிருந்து இந்த எகிறல் வரை மூன்றில் இரண்டு விநாடி. அந்த நொடியில் கிளம்பும் அழுத்த அலையின் உச்சம், முதல் அதிர்ச்சி அலையினுடையதில் 10 முதல் 20 சதவீதம்தான். ஆனால் அது நின்று தள்ளுகிறது. நெடுநேரம் தள்ளுவதால், மொத்த உந்தலில் முதல் அலைக்கு அதிகம் குறைந்ததில்லை. கடற்படைக்காரர்கள் பல காலம் முதல் அடியை மட்டுமே கணக்கில் வைத்திருந்தார்கள்.

குமிழியின் கணக்கு போருக்கு வெகுமுன்னரே போடப்பட்டிருந்தது என்பது இதில் ஒரு வேடிக்கை. 1859இல் பெசன்ட் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் தம் பாடநூலில் ஒரு கேள்வி வைத்தார்: எல்லையற்ற திரவத்தின் நடுவே ஒரு கோள அளவு திரவம் திடீரென்று மறைந்துபோனால், அந்தப் பள்ளம் நிரம்ப எவ்வளவு நேரமாகும்? மாணவர்களுக்கான புதிர்தான். 1917இல் லார்ட் ரேலி அதைக் கையில் எடுத்தார். கப்பல்களின் சுழல்விசிறிகளை எதுவோ கடித்துக் குதறிக்கொண்டிருந்த காலம் அது. விசிறியைச் சுற்றி உண்டாகும் வெற்றுக் குமிழிகள் நொறுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று அவர் கணக்கிட்டார். கோளம், நசுங்காத நீர், ஆற்றல் அழியாமை: இந்த மூன்றே ஆயுதங்கள். ஒரு நூற்றாண்டுக் குமிழி இயலின் அடித்தளம் அந்தச் சின்னக் கட்டுரைதான்.

1941இல் பிரிட்டனில் வில்லிஸ் என்பவர் அதைத் திருப்பிப் போட்டார். குமிழி நொறுங்கும் நேரம் ரேலி சொன்னது. வளரும் நேரமும் அதே அளவுதான். ஆக இரு மடங்கு. வெடிமருந்தின் சக்தியையும் ஆழத்தையும் இதில் பொருத்தினால், வெடிப்புக்கும் முதல் எகிறலுக்கும் இடையிலான நேரம் ஒரே வரியில் வந்துவிடுகிறது. வெடிமருந்து எட்டு மடங்கானால் நேரம் இரு மடங்காகும். ஆழம் கூடினால் நேரம் விரைவாகக் குறையும். இன்று கடலடி எண்ணெய் தேடும் நிறுவனங்கள் தங்கள் காற்றுத் துப்பாக்கிகளுக்குப் பயன்படுத்துவதும் இந்தச் சூத்திரத்தையே. ரேலி–வில்லிஸ் சூத்திரம் என்று இதற்குப் பெயர். பெயரில் பின்பாதியாக இருப்பவரைப் பற்றி அதைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கே அதிகம் தெரியாது.

அதே 1941இல் அட்லாண்டிக்கின் மறுகரையில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போர் ஆய்வுப் பிரிவில், கான்யர்ஸ் ஹெரிங் என்ற இளைஞர் இன்னொரு கேள்வி கேட்டார். குமிழிக்குப் பக்கத்தில் சுவர் இருந்தால்? கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போலச் சுவருக்கு அந்தப்புறமும் ஒரு குமிழி இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு அவர் போட்ட கணக்கின் முடிவு அன்றைய கப்பற்படைகளுக்கு நல்ல செய்தியல்ல. சுருங்கும் குமிழி கெட்டியான சுவரை நோக்கி இழுக்கப்படுகிறது. கடலின் மேற்பரப்பிலிருந்து விலக்கப்படுகிறது. அதாவது, கப்பலுக்குப் பக்கத்தில் வெடித்த குண்டின் குமிழி, இரண்டாவது அடியைக் கப்பலுக்கு இன்னும் அருகே வந்துதான் கொடுக்கும்.

கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் 1942இல் குமிழி மேலே ஏறும் கதையை எடுத்துக்கொண்டார். நாம் மேலே வைத்துக்கொண்ட அதே குமிழியைப் பாருங்கள். அதன் விட்டம் 13 மீட்டர். மையத்தில் 4 வளிமண்டல அழுத்தம். உச்சியில் ஏறக்குறைய 3.35, அடியில் 4.65. குமிழியின் பாதத்தை நெருக்கும் விசை உச்சியை நெருக்குவதைவிட 40 சதவீதம் அதிகம். பெரிதாக இருக்கும்போது குமிழி அவ்வளவாக நகர்வதில்லை. சுருங்கும்போது, பெரிய உருவம் சேர்த்துவைத்த உந்தம் முழுவதும் சின்ன உருவத்தின் தலையில் இறங்க, அது மேல்நோக்கிப் பாய்கிறது. டெய்லரின் சமன்பாடுகளைத் தீர்க்க அன்று கணினி கிடையாது. காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கையால் கூட்டிக் கழித்துத்தான் போகவேண்டும். எண்வழிக் கணிப்பின் கதை இந்தக் காகிதங்களிலேயே தொடங்கிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த அறிக்கைகள் எல்லாம் அப்போது ரகசியம். போர் முடிந்து, 1950இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகம் மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோதுதான் வெளியுலகம் கண்டது. அதற்குமுன் 1948இல் ராபர்ட் கோல் எழுதிய 'அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோஷன்ஸ்' என்ற புத்தகம் வந்துவிட்டது. மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் போர்க்காலத்தில் நடந்த சோதனைகள் அதில் இருக்கின்றன. கால் கிலோ டெட்ரில் வெடிமருந்தை 90 மீட்டர் ஆழத்தில் வெடித்து அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். குமிழி 45 சென்டிமீட்டர் ஆரம் வரை வளர்ந்து, 28 மில்லி விநாடியில் சுருங்கி முடிந்தது. வில்லிஸின் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டுப் பார்த்தால் விடை அச்சாக அதே 28. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இத்துறைக்குள் நுழையும் மாணவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது கோலின் புத்தகம்தான்.

இப்போது கப்பலின் பக்கம் வருவோம். நீளமான எஃகுக் கப்பலும் ஒரு உத்தரம்தான். தட்டினால் தனக்கே உரிய தாளத்தில் மேலும் கீழும் வளைந்து அதிரும். நடுத்தரப் போர்க்கப்பலுக்கு அந்தத் தாளம் விநாடிக்கு ஒன்றிரண்டு முறை. குமிழியின் துடிப்பும் கிட்டத்தட்ட அதே வேகம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதைப் போல இரண்டும் பொருந்திவிட்டால், தூரத்தில் வெடித்த குண்டுகூடக் கப்பலின் முதுகை முறிக்கும். 1953இல் அமெரிக்காவின் டேவிட் டெய்லர் மாதிரிக் கப்பல் ஆய்வகத்தைச் சேர்ந்த செர்டாக் இந்த வளைவைச் சமன்பாடாக எழுதினார். 1972இல் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில் ஹிக்ஸ் அதை நடைமுறைக் கப்பல்களுக்கு ஏற்ற முறையாக வளர்த்தார். கப்பலை ஒரு உத்தரமாக, குமிழியைத் துடிக்கும் புள்ளியாக வைத்த கணக்கு அது. கப்பல் குமிழியை ஒன்றும் செய்வதில்லை என்று அது எடுத்துக்கொண்டது. தூரத்து வெடிப்புக்கு அது போதும். பக்கத்தில் வெடித்தால் போதாது.

ஏனென்றால் பக்கத்தில் வரும்போது குமிழி கோளமாக இருப்பதில்லை.

இதைச் சோதனையில் பார்ப்பதும் சுலபமல்ல. சின்னத் தொட்டியில் சின்னக் குண்டு வைத்தால் குமிழியின் உச்சிக்கும் அடிக்கும் அழுத்த வித்தியாசமே இருக்காது. அது மேலே ஏறாது. கடலின் நடத்தையைத் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டுமானால் தண்ணீருக்கு மேலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றவேண்டும். அமெரிக்கக் கடற்படைப் பீரங்கி ஆய்வகத்தில் ஸ்னே குழுவினர் 1952இல் அப்படிச் செய்து, நீர்மூழ்கியின் மாதிரியை நோக்கிக் குமிழி எப்படி நகர்கிறது என்று பார்த்தார்கள்.

கோளம் என்ற ஊன்றுகோலைக் கணினி கைவிட்டது 1971இல். கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில் பிளெசெட், சாப்மன் இருவரும் சுவருக்கருகே நொறுங்கும் ஒரு நீராவிக் குமிழியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணித்தார்கள். சுவருக்கு எதிர்ப்பக்கத்துத் தோல் உள்ளே குழிந்து, குமிழியைக் குறுக்கே துளைத்துக்கொண்டு, சுவரை நோக்கி ஒரு நீர்த்தாரையாகப் பாய்ந்தது. வேகம், விநாடிக்கு 130 மீட்டர். குமிழியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தபோது 170 மீட்டர். நான்கு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் லாட்டர்போர்ன், போல் இருவரும் லேசர் கொண்டு தண்ணீரில் குமிழி உண்டாக்கி, அந்த வடிவங்களைப் புகைப்படத்திலேயே காட்டினார்கள். கணக்கு சொன்ன உருவமும் கேமரா கண்ட உருவமும் ஒன்றோடொன்று பொருந்தின.

அந்தக் குமிழிகள் மில்லிமீட்டர் அளவினவை. வெடிப்புக் குமிழி பல மீட்டர். ஆனால் தாரை ஒன்றேதான், அது அடிக்கும் இடம்தான் வேறு.

கடல் முழுவதையும் கட்டங்களாகப் பிரிப்பது அன்றைய கணினிகளுக்குத் தாளாத சுமை. 1980களில் ஆஸ்திரேலியாவின் வொலங்காங்கில் ஜான் பிளேக் குழுவினர் வேறு வழியைப் பிரபலமாக்கினார்கள்: எல்லை உறுப்பு முறை. நீர் நசுங்காது, சுழலாது என்று எடுத்துக்கொண்டால், குமிழியின் தோலில் நடப்பதைத் தெரிந்துகொண்டாலே கடல் முழுவதும் நடப்பது தெரிந்துவிடும். ஆகவே தோலை மட்டும் துண்டுகளாகப் பிரித்தால் போதும். ஒவ்வொரு கணமும் வாயுவின் கன அளவிலிருந்து அழுத்தம், அழுத்தத்திலிருந்து தோலின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்ற விடை, புள்ளிகளை நகர்த்து, மறுபடி கன அளவு. குமிழி பெரிதாகச் சோம்பிக் கிடக்கும்போது காலத் துண்டுகள் நீளமாக இருக்கலாம். நொறுங்கும் கட்டத்தில் அவற்றை மிக மிகச் சிறிதாக்காவிட்டால் கணக்கு சிதறிவிடும். 1986இல் பிளேக், தாயிப், டோஹெர்ட்டி மூவரும் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் வேலைமுறையையே நிர்ணயித்தது.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எல்லாரையும் படுத்திய ஒரு தொல்லை உண்டு. சில நூறு காலத் துண்டுகள் கடந்ததும் குமிழியின் வழவழப்பான தோலில் ரம்பப் பற்கள் முளைக்கும். புள்ளிக்குப் புள்ளி மேலும் கீழும் துள்ளும். இயற்கையில் அப்படி எதுவும் இல்லை. எண்களில் மட்டும் உள்ள நோய். மருந்து கிடைத்த இடம் எதிர்பாராதது. உடைந்து விழப்போகும் கடலலையை 1976இல் கணித்த லாங்கட்-ஹிக்கின்ஸ், கோக்லெட் இருவரும், ஐந்து ஐந்து புள்ளிகளாகச் சேர்த்துத் தேய்த்து மழமழப்பாக்கும் சூத்திரம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். குமிழிக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதிகம் தேய்த்தால் உண்மையான தாரையும் மழுங்கிவிடும். குறைவாகத் தேய்த்தால் ரம்பம் வெல்லும். எத்தனை காலத் துண்டுகளுக்கு ஒருமுறை தேய்ப்பது என்பது பல நாள் கைப்பழக்கத்தில் வருவது. சமன்பாடுகளை மட்டும் அச்சிடும் கட்டுரைகளில் இந்தப் பாடு தெரியாது.

அடுத்த முட்டுச்சந்து இன்னும் பெரியது. தாரை குமிழியின் எதிர்த் தோலில் மோதியதும் குமிழியில் துளை விழுந்து வளையமாகிவிடுகிறது. எல்லை உறுப்பு முறையின் கணிதம் அந்த உருவத்தை ஏற்காது. நிரல் அங்கேயே நின்றுவிடும். சுவாரசியமான பகுதி தொடங்கும் இடத்தில் கணக்கு முடிந்துவிடும்! 1990களில் பெஸ்ட் ஒரு வழியும், அமெரிக்காவில் ஜாங், டங்கன், சாஹின் மூவரும் ஒரு வழியும், சிங்கப்பூரில் வாங், இயோ, கூ, லாம் நால்வரும் வேறொரு வழியும் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூர்க்காரர்களின் உத்தி எனக்கு அழகாகப் படுகிறது: வளையத்துக்குள் ஒரு சுழல் வளையத்தைப் புதைத்துவிட்டு, அது உண்டாக்கும் ஓட்டத்தைத் தனியே கூட்டிக்கொள்வது. மீதி ஓட்டம் பழைய கணிதத்துக்கு அடங்கிவிடுகிறது.

சுவர் கெட்டியாக இல்லாவிட்டால்? மெல்லிய எஃகுத் தகடு வளைகிறது. வளைந்தால் தண்ணீர் நகர்கிறது. தண்ணீர் நகர்ந்தால் குமிழியின் உருவம் மாறுகிறது. 1982இலேயே கிப்சன், பிளேக் இருவரும் நெகிழும் பரப்புக்கு அருகே குமிழி சுவர்ப்பக்கமும் போகாமல் எதிர்ப்பக்கமும் போகாமல் இருக்கக்கூடும் என்று காட்டியிருந்தார்கள். ஆகவே குமிழிக்கு ஒரு நிரல், கப்பலின் எஃகுக்கு ஒரு நிரல் என்று இரண்டையும் ஒவ்வொரு கணமும் பேசவிடவேண்டும். மேரிலாந்தில் சாஹினின் டைனாஃப்ளோ நிறுவனம் முப்பரிமாணத்தில் இதைச் செய்தது. சிங்கப்பூரில் க்ளாஸபூர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் நிஜ வெடிமருந்தைச் சோதனைக் குளத்தில், கெட்டியான தகட்டுக்கும் நெகிழும் தகட்டுக்கும் அருகே வெடித்து, அதிவேகப் படங்களைக் கணக்கின் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். நீர் நசுங்கும் என்பதையும் அதிர்ச்சி அலையையும் சேர்த்தே கணிக்கும் பெருநிரல்கள் இன்னொரு பக்கம் வளர்ந்தன. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கக் கடற்படையோடு சேர்ந்து வளர்ந்த டிஸ்மாஸ் அவற்றில் ஒன்று.

முழுக் கப்பலை வைத்துப் பார்த்த நாளும் வந்தது. 1999 ஜூன் 14. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால், பணி ஓய்வு பெற்று ஆளில்லாமல் மிதந்த 'டாரன்ஸ்' என்ற போர்க்கப்பலின் மீது 'ஃபார்ன்கோம்ப்' நீர்மூழ்கி மார்க் 48 டார்பிடோ ஒன்றை விட்டது. டார்பிடோ கப்பலில் மோதவில்லை; அடியில் வெடித்தது. உலகெங்கும் அச்சான அந்தப் படத்தொடரில் கப்பலின் நடுப்பகுதி தூக்கப்படுவதும், அதைப் பிளந்துகொண்டு நீர்த்தூண் எழுவதும், கப்பல் இரண்டாவதும் அடுத்தடுத்துத் தெரிகின்றன.

2010 மார்ச் 26 இரவு, மஞ்சள் கடலில் பெங்நியோங் தீவருகே 104 பேரோடு சென்ற தென் கொரியாவின் 'சியோனான்' கப்பல் இரண்டாக முறிந்தது. 46 பேர் இறந்தார்கள். மே 20 அன்று அறிக்கை தந்த கூட்டுப் புலனாய்வுக் குழுவில் தென் கொரியர்களோடு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஸ்வீடன் நிபுணர்களும் இருந்தார்கள். வட கொரியாவின் டார்பிடோ ஒன்று வாயுச் சுழலி அறையின் மையத்துக்கு 3 மீட்டர் இடப்புறம், 6 முதல் 9 மீட்டர் ஆழத்தில் வெடித்தது, வெடிமருந்து சுமார் 250 கிலோ என்றது அறிக்கை. வட கொரியா மறுத்தது. கருவிகளில் பதிவான காற்றொலி அலைகளில் 1.1 விநாடி இடைவெளியில் இரண்டு துடிப்புகள் இருந்தன. எழுபது ஆண்டுகளுக்கு முன் வில்லிஸ் எழுதிவைத்த எண்!

ஆனால் இந்த எண்ணை எச்சரிக்கையாகக் கையாளவேண்டும். 250 கிலோ டி.என்.டி. 10 மீட்டர் ஆழத்தில் வெடித்தாலும் சூத்திரம் 1.1 விநாடி என்கிறது. 136 கிலோ ஐந்தரை மீட்டரில் வெடித்தாலும் அதே 1.1தான். ஒரு நேரத்தை வைத்து எடையையும் ஆழத்தையும் சேர்த்துச் சொல்ல முடியாது. 2012இல் கொரியாவின் கிம், இஸ்ரேலின் கிட்டர்மன் இருவரும் நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து 0.99 விநாடி என்று கண்டு, 136 கிலோ, 8 மீட்டர் ஆழம் என்ற வேறொரு முடிவுக்கு வந்தார்கள். போதாக்குறைக்கு இவ்வளவு ஆழமில்லாத இடத்தில் குமிழி மேற்பரப்பைத் தொட்டுவிடுகிறது. பக்கத்தில் கப்பலும் இருக்கிறது. கரையற்ற கடலுக்கு எழுதிய சூத்திரம் அங்கே தள்ளாடத்தான் செய்யும். இந்த வழக்கில் குமிழிக் கணக்கு ஒரு சாட்சி, அவ்வளவே. தீர்ப்பு சொல்ல அது மட்டும் போதாது.

இன்றைய நிலவரம் இது: கோளக் குமிழி கைவசம். வளையமும் கைவசம். வளையும் தகட்டோடு பேசும் குமிழியும் பெருமளவு கைவசம். எஃகு கிழிந்து, வாயு கப்பலுக்குள் புகுந்து, தண்ணீர் நுரைத்துப்போன பிறகு நடப்பதை எந்த நிரலும் நம்பத்தக்க விதத்தில் சொல்வதில்லை. அதனால்தான் கடற்படைகள் இன்னும் பழைய கப்பல்களை இழுத்துப்போய் உடைத்துப் பார்க்கின்றன.

அடுத்த இதழில் பிகினித் தீவு. 1946 ஜூலை 25 அன்று 27 மீட்டர் ஆழத்தில் ஓர் அணுகுண்டு வெடித்தது. அதன் குமிழி ஒருமுறைகூடச் சுருங்கவில்லை. வளரும்போதே கடலின் மேற்பரப்பைப் பிளந்து வெளியேறிவிட்டது.

(தொடரும்)